மாடத்துப் பேச்சு பதிவில் ஏறாது

சட்டமன்றத்தில் பேசுவதைச் சுருக்கெழுத்தில் எடுக்கும் எங்கள் அறையில் அவருக்குக் கமா அக்கா என்று பெயர். இருபத்தாறு வருடத்தில் ஒரு கமாவைக்கூட விட்டதில்லை. யாராவது இருமினால் அதையும் எழுதிவிடுவார் என்று கிண்டல் செய்வோம். சிரிக்கமாட்டார். ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். வீட்டில் யாரெல்லாம் என்று கேட்டால், "ஒரு தம்பி இருக்கான், ஊர்ல மாடு வச்சிருக்கான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்தத் தம்பி பதினோரு வருடமாக அவரோடு பேசுவதில்லை என்று என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னார். அப்பாவின் தொழுவத்தை விற்பதா வேண்டாமா என்ற சண்டையில், "பத்தாவது பெயிலானவனுக்கு என்ன தெரியும், சும்மா இரு" என்று சொல்லிவிட்டாராம். சொல்லியிருக்கக் கூடாதுதான். அவன் அன்றைக்குச் சும்மா ஆனவன்தான். இவர் அனுப்பிய கடிதம் எதற்கும் பதில் இல்லை.

எங்கள் வேலை ஆளுக்குப் பத்து நிமிடம். அவைத் தலைவரின் மேடைக்குக் கீழே குனிந்த தலை நிமிராமல் எழுத வேண்டும். அர்த்தம் பார்க்க ஆரம்பித்தால் அடுத்த வரி போய்விடும். அறைக்குத் திரும்பித் தட்டச்சு செய்யும்போதுதான் என்ன எழுதினோம் என்பதே நமக்குத் தெரியும்.

அன்றைக்கு மாடுகளின் காதில் மின்னணு வில்லை பொருத்தும் மசோதா. கருவியைக் காட்டினால் மாட்டின் வயது, போட்ட ஊசி, உரிமையாளர் பெயர் எல்லாம் திரையில் வந்துவிடும். அதில் யாருக்கும் தகராறு இல்லை. வில்லை பொருத்துகிறவர் பத்தாவது தேறியிருக்க வேண்டும் என்ற ஒரு பிரிவுதான் இரண்டு மணி நேரத்தைத் தின்றது. "மாட்டுக்கும் மார்க் ஷீட் கேப்பீங்களா?" என்றார் ஓர் உறுப்பினர். அவை சிரித்தது. 'சிரிப்பு' என்று எழுதினார் அக்கா. அடுத்த முறை என்னுடையது என்பதால் பக்கத்திலேயே காத்திருந்தேன்.

திடீரென்று மேலே பார்வையாளர் மாடத்தில் ஒருவர் எழுந்து கத்தினார். காவலர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். அவை இரைச்சலில் வார்த்தைகள் எனக்குப் பிடிபடவில்லை; நிமிர்ந்து பார்த்தேன். நரைத்த தலை, கசங்காத வெள்ளைச் சட்டை, நல்ல உயரம். அக்கா பார்க்கவில்லை. அவர் கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

என் பத்து நிமிடத்தை முடித்துவிட்டு நான் அறைக்கு வந்தபோது அவர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எட்டிப் படித்தேன்.

"பத்தாவது பெயிலானவன் வில்லை மாட்டக் கூடாதா? முப்பது வருஷமா மாட்டோட கிடக்குறேன். உனக்கு என்ன தெரியும்னு அன்னிக்கு எங்க அக்கா கேட்டா. இன்னிக்கு நீங்களும் கேக்குறீங்க."

மாடத்தில் பேசுவது பதிவில் ஏறக்கூடாது. எழுதியதே தப்பு. இத்தனை வருடத்தில் அவர் செய்த முதல் தப்பு.

"என் தம்பி" என்றார். "ஒரு வார்த்தை விடாம எழுதியிருக்கேன். ஆனா எனக்குக் கேக்கவே இல்ல."

அவர் விரல் அழிக்கும் பொத்தான்மேல் நின்றது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அது கிடக்கட்டும்கா, முதல்ல வாசலுக்கு வாங்க!" என்று கையைப் பிடித்து இழுத்தேன். மூன்று மாடிப் படிகளையும் ஓடி இறங்கினோம். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

வாசலில் காவலர் மட்டும்தான் இருந்தார்.

"இப்பதான் போனார்மா. உள்ள தெரிஞ்சவங்க ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருந்தா அப்பவே விட்டிருப்போம். யாராவது இருக்காங்களான்னு ரெண்டு தடவை கேட்டேன். யாரும் இல்லன்னுட்டார்."

அக்கா மூச்சு வாங்கியபடி சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்றார்.