கராம்பு மணத்த தாள்கள்

உக்குவளைத் தையல்காரர் லெட்சுமி போன செவ்வாய்க்கிழமை இறந்துபோனார். அவருடைய தங்கை போனில் சொன்னார்: "அக்கா போயிட்டாங்க நானா. 'நான் செத்தா அவருக்குச் சொல்லு, அதுக்கு முன்ன வேணாம்'னு சொல்லியிருந்தாங்க." கடையில் மிளகு வாங்க நின்றவர், இறந்தது யார் என்று கேட்டார். பழக்கத்தில், "தெரியாத ஆள்" என்றேன்.

அவரோடு ஊர்வலம் போன உங்களுக்கு என்னைத் தெரியாது. மாத்தளையில் வாசனைச்சரக்கு வியாபாரம் செய்கிறேன்; முஸ்லிம் என்பதால் அண்ணன் முறைக்கு 'நானா' என்பார்கள். அரசாங்கத்தை எதிர்த்துப் பேசியவர்களை வழக்கில்லாமல் உள்ளே தள்ளத் தொடங்கிய நாட்களில், துண்டுப்பிரசுரங்களை ஒளித்துவைக்க என்னிடம் இடம் கேட்டு வந்தார்.

"பொலிஸ்காரன் மொளகு மூட்டையைக் கிண்டுவானா நானா? தும்மியே செத்துருவான்."

"எனக்கு அரசியல் வாணாம் தங்கச்சி. லைசன்ஸ் இரிக்கு, புள்ளைகள் இரிக்கு."

"பயப்படுற ஆளுதான் எனக்கு வேணும். நல்லா ஒளிப்பாரு."

கட்டுகளைக் கராம்பு மூட்டைகளுக்கு நடுவே வைத்தேன். தவறியது அங்கேதான். முப்பது வருடம் கராம்புக்குள் கிடந்தவன் மூக்குக்குக் கராம்பு மணக்காது. தாளில் மணம் ஏறியது எனக்குத் தெரியவில்லை. லெட்சுமி அவற்றை எடுத்துப்போன பஸ்ஸை மறித்துச் சோதித்த அதிகாரிக்குத் தெரிந்தது. ஒரு தாளை முகர்ந்துவிட்டு, "எந்தக் கடை?" என்றாராம்.

"கடை ஏது சேர்? பல்லுவலி. பையில கராம்பு போட்டிருந்தேன், தீந்துபோச்சு."

"எந்தப் பல்?"

ஒன்றைக் காட்டியிருக்கிறார். கொண்டுபோய் அதைப் பிடுங்கவைத்தார்கள். பிறகு ஒன்பது மாதம் உள்ளே. என் கடைப்பக்கம் ஒருவரும் வரவில்லை.

வெளியே வந்தபின் எத்தனையோ தடவை என் கடையைத் தாண்டிப் போனார். ஒருநாள் வேண்டுமென்றே வாசலில் இறங்கி நின்றேன். பக்கத்துக் கடையில் நூல் விலைக்குப் பேரம் பேசிச் சிரித்தார். பல் போன இடைவெளி தெரிந்தது. என் பக்கம் திரும்பவே இல்லை.

பஸ்ஸில் நடந்ததையெல்லாம் செத்த வீட்டில்தான் தங்கை சொன்னார். "மெய்யாவே பல்லுவலி இருந்திச்சா?" என்று கேட்டேன்.

"அது நல்ல பல்லு நானா."

அன்றிலிருந்து எனக்குக் கராம்பு மணக்கிறது. சோற்றிலும் தலையணையிலும். மூட்டைக்கடியில் மிஞ்சிய ஒரு தாள் என்னிடம் இருக்கிறது. "எல்லாச் சாவியையும் ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள்" என்பது அவர் எழுதிய வரி.

அவர் இடம் கேட்டு வந்த அன்று, மூட்டைகள் அடுக்கிய ஸ்டோரில் பேசிய நிபந்தனைகள் முழுக்க என்னுடையவை. அவர் ஒன்றைக்கூட மாற்றச் சொல்லவில்லை. ஒரு மூலை, ஒரு மாதம், வாடகை இல்லை. பிடிபட்டால் அவர் என்னை அறியார், நான் அவரை அறியேன். இருவரில் ஒருவர் கண்ணை மூடும்வரை.