சில்லுப் பூட்டிய வீட்டில் தெற்கே போனது

அன்று வேனுக்குள் ஐந்து பேர் இருந்தோம். பலகைக் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்த வாப்பா. அவருடைய தலைமாட்டில் உம்மா. உம்மாவுக்கு எதிரே, மண்ணெண்ணெய் அடுப்புக்கும் தண்ணீர்க் கேனுக்கும் நடுவில் நான். என் மடியில் ஏழு மாதத்து மகள். முன்னால் வேனை ஓட்டியவர் என் மாப்பிள்ளை, என்னைக் கட்டியவர். கால் கட்டிய சேவல் ஒன்றும் இருந்தது. அது பொத்துவிலில் இருக்கும் மாமிக்கு, அதாவது வாப்பாவின் தங்கைக்கு. ஆறாவது ஆள் இல்லை. இதை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அந்தப் பயணத்தில் நடந்தது எத்தனை பேருக்குத் தெரியும் என்று பிறகு நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. என் மாப்பிள்ளை சவூதியில் மூன்று வருடம் லொறி ஓட்டிவிட்டு வந்திருந்தார். அங்கே பாலைவனத்தில் வேலையாட்கள் சில்லுப் பூட்டிய வீடுகளில்தான் குடியிருப்பார்களாம். வேலை முடிந்தால் வீட்டையே இழுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்களாம். அந்த ஆசையில் கல்முனையில் ஒரு பேக்கரிக்காரரிடம் பழைய பாண் வேன் ஒன்றை வாங்கினார். பாண் தட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் அடித்தார், பக்கத்தில் சன்னல் வெட்டிக் கம்பி வைத்தார், உம்மாவின் பழைய சாரியைக் கிழித்துத் திரை போட்டார். எவ்வளவு கழுவினாலும் புளித்த மாவின் வாசம் மட்டும் போகவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். எனக்குக் கொடுத்த வீட்டின் கூரை பாதியில் நின்றது. சந்தையில் சிரித்தார்கள்.

"மாமனார் ஊடு முடிக்கிற வரைக்கும் பொறுக்க ஏலாம, மருமகன் பாண் வேனுக்குள்ள குடி பூந்துட்டான்" என்றார்களாம். என் மாப்பிள்ளையும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வேனின் பின்கதவு இரண்டையும் திறந்தால் நீளமாக ஒரு பெட்டி மாதிரி இருக்கும். அதைப் பார்க்கும் நேரமெல்லாம் பள்ளிவாசலின் சந்தூக்குத்தான் என் நினைவுக்கு வரும். இறந்தவரின் மையித்தைச் சுமக்கிற பெட்டி. இதை யாரிடமும் சொல்லவில்லை.

வாப்பாவுக்கு அந்த வருடம் ஹஜ்ஜுக்கு இடம் கிடைத்திருந்தது. காசு கட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் நெஞ்சுக் கோளாறு வந்து, கால் இரண்டும் வீங்கி, பத்து எட்டு வைத்தால் மூச்சு வாங்கும் நிலைக்கு வந்தார். மக்காவில் நாற்காலியில் வைத்துத் தள்ளுவார்கள் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். அவருக்கு அதில் கவலை இல்லை. வேறு இரண்டு விஷயம்தான் அவரைப் பிடித்து ஆட்டின. ஹஜ்ஜுக்குப் போகிறவர் எவருக்கும் கடன் வைத்துவிட்டுப் போகக்கூடாது. எவருடைய மனத்தையாவது நோகச் செய்திருந்தால் வாசலுக்கே போய், "பொருந்திக்கொள்ளுங்க" என்று கேட்டு, அவர் வாயால் "பொருந்தினன்" என்ற சொல்லைப் பெறவேண்டும். சொல்லி அனுப்பினால் சரிவராது.

கடன்களை வீட்டில் இருந்தபடியே தீர்த்துவிட்டார். உழவு மெசின்காரர், உரக்கடை, ஒரு காலத்தில் உம்மாவுக்குக் காப்பு விற்ற கிழவர், எல்லாரையும் கூப்பிட்டுக் கொடுத்தார். "ஒரு சதம் ஆருக்கும் குடுக்க இரிந்தாலும் என்ட ஹஜ்ஜு பாழ்" என்று ஒரு நாளைக்கு நாலு தரம் சொல்வார். பொருத்தம் கேட்பதுதான் மிச்சம். சொந்தக்காரர் எல்லாம் தெற்கே, கடலோர வீதியில், பொத்துவில் வரை இருந்தார்கள். பஸ்ஸில் போக ஏலாது. அப்போதுதான் அந்தப் பாண் வேனுக்கு ஒரு மரியாதை வந்தது.

நான் போகவேண்டாம் என்றேன். வீதி சரியில்லாத காலம். ஒரு நாள் திறந்திருக்கும், மறுநாள் மூடியிருக்கும்.

"நீ எந்தப் பயணத்துக்குத்தான் போ எண்டு சொன்ன?" என்று கேட்டார் என் மாப்பிள்ளை. "கட்டிலில இரிந்து எழும்பவே நீ பயப்புடுவ, புள்ள."

சாய்ந்தமருதில் வாப்பாவின் பெரியப்பா மகன் வேனடிக்கே வந்து, கம்பிச் சன்னலுக்குள் கைவிட்டு, வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பொருந்தினார். பிறகு வேனைச் சுற்றிப் பார்த்தார். "நல்ல வசதிகா. இப்புடியே கொண்டு போய் இறக்கிடலாம்" என்றார். எங்கே இறக்குவது என்று அவர் சொல்லவில்லை. உம்மா திரையை இழுத்து மூடினார்.

காரைதீவைக் கடக்கும்போது பகல் பத்து மணி. கடைகள் எல்லாம் மூடிக்கிடந்தன. ஒரு சைக்கிள்கூட எதிரே வரவில்லை. சந்தியில் டயர் எரிந்த கறுப்பு வட்டம், அதன் நடுவில் கம்பிச் சுருள். வாப்பா படுத்தபடியே, "என்ன புள்ள, ஒரு சத்தமும் இல்ல?" என்று கேட்டார். நான் வெள்ளிக்கிழமை என்றேன். அன்று செவ்வாய். அவருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

நிந்தவூரில் சாச்சி வீட்டில் தேத்தண்ணீர் குடித்தோம். "போகாதீங்க, கிறுகி ஊட்ட போங்க" என்றார் சாச்சி. அவர் சொன்னது எனக்குப் பெரிய பலமாக இருந்தது. வாப்பா கேட்கவில்லை. அக்கரைப்பற்றுக்கு முன்னால் ஆமி மறித்தது. ஒரு சிப்பாய் பின்கதவைத் திறந்தான். வெள்ளைப் போர்வையோடு கால் நீட்டிக் கிடந்த வாப்பாவைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு இரண்டு எட்டுப் பின்னால் போனான். வாப்பா கண்ணைத் திறந்து ஸலாம் சொன்னார். சிப்பாய் கதவை அறைந்து சாத்திவிட்டு, போ போ என்று கை காட்டினான். என் மாப்பிள்ளைக்கு அன்று முழுக்க அது ஒரு பகிடி. எனக்கு அந்தத் தொப்பி கழற்றியதுதான் கண்ணுக்குள் நின்றது.

நாலு மணிக்குப் பிறகு ஓடக்கூடாது என்றார்கள். அக்கரைப்பற்றில் ஒரு சொந்தக்காரரின் வளவுக்குள் வேனை விட்டு, அதற்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்தோம். விடிந்ததும் புறப்பட்டு, திருக்கோவில் தாண்டி, கோமாரிக் காட்டுக்குள்ளால் பொத்துவிலுக்குப் போய்ச் சேர முற்பகல் ஆகிவிட்டது.

மாமியிடம் பொருத்தம் வாங்குவதற்குத்தான் இந்தப் பயணமே. ஒன்பது வருடத்துக்கு முன் மாமியின் மகளின் கலியாணத்தில், சஹனில் ஆறு பேரோடு சேர்ந்து உட்கார்ந்த வாப்பா, இரண்டு கவளம் உண்டுவிட்டு, "சோறு வேகல்ல" என்று எழும்பிப் போய்விட்டார். ஒரே தட்டில் உண்ணும்போது மற்றவர்கள் முடிக்கமுன் எழும்புவது அந்த வீட்டுக்காரரின் முகத்தில் துப்புவதற்குச் சமம். அதோடு போக்குவரத்து நின்றது. இரண்டு மாதத்துக்கு முன் மாமியின் மாப்பிள்ளை மௌத்தானபோதுகூட வாப்பா ஆஸ்பத்திரியில் கிடந்ததால் போகவில்லை. ஆஸ்பத்திரி என்பதை மாமி நம்பவில்லை.

ஒழுங்கைக்குள் வேன் நின்றது. வீடு உள்ளே, நூற்றைம்பது அடி மணலுக்கு அப்பால். நான் போய்க் கதவடியில் நின்று விஷயத்தைச் சொன்னேன். மாமி இத்தாவில் இருந்தார். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு இறங்கமாட்டாள்.

"நான் படி தாண்ட ஒண்ணா" என்றார் மாமி, உள்ளேயிருந்தே. "ஒம்பது வருஷமா இந்தப் படியை மிதிக்காதவரு வந்து மிதிக்கட்டும்."

"அவரால நடக்க ஏலா மாமி."

"தூக்கிட்டு வரச் சொல்லு."

வேனுக்கு ஓடிவந்து சொன்னேன். வாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் என்ன மையித்தா, நாலு பேரு தூக்க? மூச்சு இரிக்கிற வரைக்கும் ஆரும் என்னைத் தூக்கப்படாது."

ஒருவர் இறங்கமாட்டார், மற்றவர் ஏறமாட்டார். என் மாப்பிள்ளைதான் யோசனை சொன்னார்: வேனைப் பின்பக்கமாக வளவுக்குள் விட்டு, பின்கதவை வீட்டுக் கதவுக்கு நேரே நிறுத்துவது. ஆனால் மாமியின் வேலிக் கடப்படி வேன் நுழைய அகலம் போதாது. பக்கத்து வளவின் வேலியை வெட்டி, அதற்குள்ளால்தான் சுற்றி வரவேண்டும். பக்கத்து வளவில் ஒரு தமிழ்க் குடும்பம். கடலுக்குப் போகிற மனிதர். கேட்டதும் கத்தியை எடுத்துத் தன் கையாலேயே வேலியை வெட்டினார்.

"வயசான மனிசன், மக்காவுக்குப் போறவரு. வேலி என்ன வேலி. நாளைக்குக் கட்டலாம். பின்னுக்குப் பாத்து வாங்க தம்பி, மணல் இளகினது."

மணல் இளகித்தான் இருந்தது. வேனின் பின்சில்லு புதைந்தது. என் மாப்பிள்ளை அக்சிலேட்டரைப் பலமாக மிதித்தார். வேன் ஒரே எகிறாக எகிறிப் பின்னால் பாய்ந்து, அந்த மனிதரின் கிணற்றுச் சுற்றுக்கட்டோடு மோதியது. கட்டு பிளந்து, பாதிச் செங்கல் உள்ளே விழுந்தது. தண்ணீருக்குள் அது விழுந்து முடிய நெடுநேரம் எடுத்ததுபோல எனக்குப் பட்டது.

"என்ன புள்ள சத்தம்?" என்று உள்ளேயிருந்து வாப்பா கேட்டார்.

"ஒண்டுமில்ல வாப்பா. தேங்காய் விழுந்த" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய்யல்ல. அவருடைய நெஞ்சு அடைத்துவிடும் என்ற பயத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஒருவழியாக வேனின் பின்கதவு வீட்டுக் கதவுக்கு நேரே வந்து நின்றது. இடையில் ஒரு கை தூரம். மாமி வெள்ளை உடுத்து, கதவுக்கு உட்பக்கம் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். வாப்பா கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து கையை நீட்டினார். "பொருந்திக்கொள்ளு தங்கச்சி."

மாமி கையைத் தொடவில்லை. நான் கொடுத்த சேவலை வாங்கி ஓரமாக வைத்தார். எழும்பிப் போய், ஒரு சஹனில் சோறும் மீன் ஆணமும் கொண்டுவந்து, படிக்கும் வேனுக்கும் நடுவில் பலகை போட்டு வைத்தார். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் வாப்பா.

"இப்ப தின்னுங்க பாப்பம். எழும்பி ஓட ஏலாதே."

உம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டொக்டர் உப்பைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார். வாப்பா கடைசிச் சோறு வரை வழித்து உண்டார்.

"வெந்திருக்கா?"

"வெந்திருக்கு."

"பொருந்தினன்" என்றார் மாமி. பிறகுதான் இருவரும் அழுதார்கள்.

நான் அதை முழுதாகப் பார்க்கவில்லை. பக்கத்து வளவு மனிதர் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். கோபமாக எதுவும் கதைக்கவில்லை. செங்கல், சீமெந்து, மேசன் கூலி, உள்ளே இறங்கிக் கல் எடுக்கிற கூலி என்று மெதுவாகச் சொன்னார். முந்நூற்றைம்பது வரும். "இந்தக் கிணறு இல்லாட்டி எங்களுக்குக் குடிதண்ணி இல்ல தங்கச்சி."

என் கைலேஞ்சி முடிச்சில் நூறு ரூபாய் இருந்தது. கொடுத்தேன். என் மாப்பிள்ளையிடம் பெற்றோலுக்கு மட்டும்தான் காசு.

"மாமாட இடுப்பு வாருல காசு இரிக்கி. சொல்லிட்டு வாங்குவம்" என்றார், வாப்பாவைக் காட்டி.

"சொல்லாதீங்க. சத்தம் கேட்டே அவர்ட முகம் வெளிறிப் போச்சு. இப்பதான் மனசு ஆறி இரிக்காரு."

"இது அவர்ட பயணத்துக்காக வந்த செலவு, புள்ள. அவருக்குத் தெரியோணும்."

"ஊருக்குப் போய் அனுப்புவம். ஒரு கிழமைதானே."

"ஒன்ட பயத்துக்கு மருந்தே இல்ல" என்றார் அவர். ஆனால் என் சொல்லுக்கு விட்டுக்கொடுத்தார். நான் அந்த மனிதரிடம் போய், "வாப்பா அடுத்த கிழமை பஸ்ஸில ஆளிட்ட அனுப்புவாரு" என்றேன்.

"ஓம், ஹாஜியார்ட வார்த்தை போதும்" என்றார் அவர்.

அடுத்த கிழமை வீதி மூடியது. அதற்கடுத்த கிழமையும் பஸ் அக்கரைப்பற்றுக்கு அப்பால் போகவில்லை. நான் ஒவ்வொரு காலையும் பஸ் நிலையத்துக்கு ஆள் அனுப்பி விசாரித்தேன். வாப்பாவின் பயண நாள் வந்துவிட்டது. வாசல் நிறைய ஆட்கள். கதிரையில் உட்கார்ந்து எல்லாரிடமும் சொன்னார்: "அல்ஹம்துலில்லாஹ், ஒரு மனிசன்ட மனக்குறையும் இல்ல, ஒரு சதக் கடனும் இல்ல." நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். என் மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். அப்போதாவது போய்க் காதுக்குள் சொல்லியிருந்தால் வாரை அவிழ்த்துக் கொடுத்திருப்பார். கடைசி நேரத்தில் எதற்கு என்று நினைத்தேன்.

வாப்பா திரும்பி வரவில்லை. ஹஜ்ஜின் அரபா நாளுக்கு மறுநாள் அங்கேயே மௌத்தாகி அங்கேயே அடக்கப்பட்டார். தந்தி வந்தது. யாருக்கும் கிடைக்காத மௌத்து என்று ஊரே சொன்னது. எங்கள் வழக்கப்படி இறந்தவரின் ஜனாஸாவை வைத்துக்கொண்டு கடன் உண்டா என்று கேட்பதை, ஜனாஸா இல்லாதபடியால் ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் என் கூடப்பிறந்த காக்கா கேட்டார். ஒலிபெருக்கி வழியாக எங்கள் வீட்டு அடுப்படி வரை கேட்டது. "எங்கட வாப்பா ஆருக்காவது கடன் வச்சிரிந்தா, எங்கட்ட வாங்க, நாங்க பொறுப்பு."

ஒருவரும் வரவில்லையாம். அதை மகிழ்ச்சியாக வந்து சொன்னார் காக்கா.

பொத்துவிலுக்கு நாங்கள் மறுபடி போக இரண்டு வருடம் ஆயிற்று. அந்த வளவில் ஆள் இல்லை. கூரை இல்லை. கிணறு கட்டு இல்லாமல் வாய் பிளந்து கிடந்தது, அரைவாசிக்கு மணல். பிரச்சினை நேரம் அந்தக் குடும்பம் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டது என்றார் மாமி. மட்டக்களப்புக்கு என்று சிலர், தோணியில் இந்தியாவுக்கு என்று சிலர். போகும்வரை கிணற்றுக் காசைப் பற்றித் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றும் சொன்னார். ஹாஜியாரின் வார்த்தை என்று பொறுத்திருப்பார்கள்.

மௌலவியிடம் என் மாப்பிள்ளையை அனுப்பிக் கேட்டேன். ஆள் கிடைக்காவிட்டால் அந்தத் தொகையை அவர் பெயரில் தர்மம் செய்யலாம், ஆனால் அவரோ அவருடைய பிள்ளைகளோ என்றைக்காவது வந்து கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும் என்றாராம். தர்மம் செய்தோம். ஒரு தரம் அல்ல. மாமியிடமும் ஒரு கடிதத்தில் காசை வைத்துக் கொடுத்தேன், ஆள் வந்தால் கொடுக்கச் சொல்லி. ஒரு வருடம் வைத்திருந்துவிட்டு அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். என் கூடப்பிறந்தவர்களுக்கு இன்றுவரை சொல்லவில்லை. ஏழாம் வகுப்பு வரை படித்த எழுத்தில் இப்போதுதான் எழுதுகிறேன்: பொத்துவிலில் மாமியின் பக்கத்து வளவில் இருந்தவருக்கு, வாப்பாவின் பெயரில், கொடுபடாமல் இருப்பது இருநூற்றைம்பது ரூபாய்.