நான்கு கணக்குப் புத்தகங்களும் ஒரு மாவுக்கட்டும்

2009-ம் ஆண்டு கோடை விடுமுறையில், குலசேகரத்துக்கு மேலே ரப்பர் தோட்டங்களை ஒட்டியிருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. நான் அப்போது பி.எஸ்சி. கணிதம் கடைசித் தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். காத்திருந்தேன் என்பதெல்லாம் அடக்கத்துக்காகச் சொல்வது. உண்மையில், பட்டம் வாங்கிவிட்ட மாதிரியேதான் ஊருக்குள் நடந்துகொண்டிருந்தேன்.

அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள். அவர்கள் பள்ளிக்கூடத்துக்குள் போனது ஓட்டுப் போட மட்டும்தான். அண்ணன் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டான். ஆகவே எங்கள் வீட்டில் படிப்பு என்றால் நான்தான். கரண்டு பில்லிலிருந்து மருந்துச் சீட்டு வரை எல்லாம் என் கைக்குத்தான் வரும். புதிதாக வாங்கிய மிக்சியோடு வந்த குறிப்பை நான் உரக்க வாசித்து முடிக்கும் வரை அம்மா தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இன்னும் நினைவிருக்கிறது.

அந்த ஏப்ரலில் அண்ணன் மகள் அயினி மரத்திலிருந்து விழுந்தாள். அயினிப் பழம் பார்ப்பதற்குக் குட்டிப் பலா மாதிரி இருக்கும். பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குத்தான் தொடை எலும்பு முறிந்துவிட்டது. இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். கட்டுப் பிரித்த பிறகும் மழைக்காலம் முடியும் வரை பள்ளிக்கூடத்துக்கு நடத்தி அனுப்ப வேண்டாம் என்றார் டாக்டர். தோட்டத்துச் சரிவில் ஏறி, ஓடையில் இறங்கிப் போகிற வழி அது. ஜூன் மழையில் நல்ல கால் உள்ளவர்களே அதில் வழுக்கி விழுவார்கள்.

ஐந்து முடித்து ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டியவள் அவள். கணக்கு அவளுக்கு ஏற்கெனவே தகராறு. பள்ளித் தலைமையாசிரியை வீட்டுக்கே வந்து பார்த்தார். மற்ற பாடங்களைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம், கணக்கை விட்டால் பிடிக்க முடியாது, வீட்டிலிருந்தே படிக்கட்டும், காலாண்டு விடுமுறை முடிந்து வரும்போது நான் கணக்குக் கேட்டுப் பார்க்கிறேன், தேறினால் ஆறாம் வகுப்பில் உட்காரட்டும், இல்லையென்றால் இன்னொரு வருடம் ஐந்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எலும்பு முறிந்தபோது அழாத பிள்ளை அப்போதுதான் அழுதாள். அவள் கூட்டாளிகள் எல்லாரும் ஆறுக்குப் போய்விடுவார்கள். இவள் மட்டும் பக்கத்து வீட்டுச் சின்னவளோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும்.

"அந்த மூக்கொழுகி கூட நான் இருக்க மாட்டேன்."

"எதுக்குட்டி கரையிய?" என்றான் அண்ணன். எங்கள் பக்கம் கரைவது என்றால் அழுவது. "கணக்குக்குன்னே காலேஜு போய்ப் படிச்ச ஒருத்தி வீட்டுல இருக்காளே. அவ பாத்துக்கிடுவா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்காகத்தானே இத்தனை வருடம் படித்தேன்! நான் தலையை மட்டும் அசைத்தேன். பெரிய டாக்டர்கள் அப்படித்தான் அசைப்பார்கள்.

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். பக்கத்து வீட்டில் ஏழாம் வகுப்புக்குப் போகிற பெண்ணிடமிருந்து பழைய ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை வாங்கி, காலண்டர் தாளில் அட்டை போட்டேன். முதல் பாடம் பெரிய எண்கள். லட்சம், பத்து லட்சம், கோடி. பிள்ளை கட்டிலில் படுத்துக்கொண்டே காலை நீட்டிவைத்து நன்றாகத்தான் வாசித்தாள். அந்தப் பாடம் முடிகிற நேரத்தில் எனக்குள் ஒரு சந்தேகம் எட்டிப்பார்த்தது. இது நான் படித்த அதே மாதிரிப் புத்தகம். மூன்று வருடம் கல்லூரிக்குப் போய் வந்தவள் சொல்லிக்கொடுப்பதற்கு இது போதுமா? இதை யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்கலாமே.

அந்த வாரம் கடைக்குப் போன இடத்தில், கணவர் சவுதியில் இருக்கும் ஓர் அக்காவைப் பார்த்தேன். அவர் மகன் மெட்ரிக் பள்ளியில் இதே வகுப்பு முடித்திருந்தான். வீட்டுக்குக் கூட்டிப்போய் அவனுடைய புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். ஆங்கிலம், வழவழப்பான தாள், கலர் படங்கள். அங்கேயே என் மனசு மாறிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து அதற்கும் அட்டை போட்டேன். முதல் பாடம், பெரிய எண்கள். பிள்ளை இப்போது லட்சத்தையும் கோடியையும் ஆங்கிலத்தில் சொன்னாள்.

மே மாதம் நாகர்கோவிலில் ஒரு கல்லூரித் தோழியைச் சந்தித்தேன். இரண்டு புத்தகத்தையும் பற்றிச் சொன்னதும் அவள் சிரித்தாள். மத்திய அரசுப் பாடத்திட்டத்தில் படிக்கிற பிள்ளைகள்தான் யோசித்துக் கணக்குப் போடுவார்கள், மற்றதெல்லாம் மனப்பாடம் என்றாள். நானும் மனப்பாடக்காரிதானோ என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கவலை. அந்தப் புத்தகமும் வந்தது. அதிலும் முதல் பாடம் பெரிய எண்கள்தான். கூடுதலாக மில்லியன் இருந்தது. எங்கள் ஊரில் யாருக்கும் எந்தக் காலத்திலும் மில்லியன் தேவைப்பட்டதில்லை. ஆனாலும் பிள்ளை அதையும் கற்றுக்கொண்டாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம், எங்கள் மாவட்டத்து ஜனத்தொகையை எப்படி வேண்டுமானாலும் சொல்கிறேன், லட்சத்தில் வேண்டுமா, மில்லியனில் வேண்டுமா என்று கேட்க ஆரம்பித்தாள்.

கடைசியில் மைனியின் தம்பி வந்தான். மைனி என்றால் அண்ணன் மனைவி. அவள் பிறந்த வீடு பாறசாலைப் பக்கம், கேரளத்தில். அங்கே தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கிற கணக்குப் புத்தகத்தை அவன் பெருமையாகக் கொண்டுவந்திருந்தான். படிப்பு என்றால் கேரளம்தான் என்று அவன் சொன்னபோது நான் மறுக்கவில்லை. ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். திறந்து பார்த்தால் கணக்கைவிடக் கேள்விதான் அதிகம். இப்படிச் செய்து பார்த்தால் என்ன? வேறு வழி உண்டா? நீங்களே கண்டுபிடியுங்கள்.

பிள்ளை இரண்டு பக்கம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"நானே கண்டுபிடிக்கணும்னா நீ எதுக்கு அத்தே?"

அந்தக் கேள்வி அந்தப் புத்தகத்தில் இல்லை. மேலும், அதன் முதல் பாடம் பெரிய எண்கள் இல்லை என்பதே எனக்கு நெருடலாக இருந்தது. அஸ்திவாரம் இல்லாமல் எப்படி? ஆகவே அந்தப் புத்தகத்துக்கு முன்னால் படிப்பதற்கென்று நானே பெரிய எண்கள் பற்றி ஒரு பாடம் எழுதினேன்.

இதற்குள் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி, நான்கு புத்தகங்களின் நிறை குறைகளையும் கட்டம் போட்டு எழுதியிருந்தேன். தினமும் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். வாசிக்கத் தெரியாவிட்டாலும் அம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"உங்க அண்ணனுக்குப் பொண்ணு பாக்கச்சில கூட நாங்க இவ்வளவு வீடு ஏறி எறங்கல்ல மக்கா" என்றாள்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிறு வந்தது. எங்கள் சபையில் அன்றைக்குப் பிள்ளைகள் எல்லாரும் புத்தகத்தையும் பையையும் ஆலயத்துக்குக் கொண்டுவந்து முன்னால் வரிசையில் நிற்பார்கள். போதகர் அவற்றின் மேல் கை வைத்து ஜெபிப்பார். எங்கள் அம்மாவுக்கு இதில் ஒரு சட்டம் உண்டு. ஜெபித்த புத்தகம்தான் அந்த வருடத்துப் புத்தகம். பிறகு மாற்றக் கூடாது.

"கர்த்தருக்கிட்ட ஒண்ணக் காட்டிப்போட்டு வீட்டுல வேற ஒண்ணப் படிக்கப்பிடாது கேட்டியா. இண்ணைக்கு ஒரு முடிவு பண்ணு."

சனிக்கிழமை சாயங்காலம் மத்திய அரசுப் புத்தகம் என்று முடிவு செய்தேன். ஞாயிறு காலை பல் தேய்க்கும்போது மெட்ரிக். சேலை உடுத்தும்போது பழைய புத்தகமே போதும் என்று தோன்றியது. படியிறங்கும்போது கேரளம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கோயில் மணி இரண்டாவது தடவையும் அடித்துவிட்டது. நான்கையும் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

பிள்ளைக்கு வர முடியாததால் அவளுக்குப் பதிலாக வரிசையில் நான் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவனுக்கு முன்பல் இரண்டும் இல்லை. பின்னால் நின்ற பெண் குழந்தை தண்ணீர் பாட்டிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் இருபத்தொரு வயதில், காட்டன் சேலையில், கைநிறையக் கணக்கோடு நான். என் முறை வந்தது. போதகர் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு புத்தகமாக எடுத்துத் திருப்பினார்.

"நாலும் ஆறாம் கிளாஸ்தானா?"

"ஆமா ஐயா."

"நாலும் கணக்கா?"

"ஆமா ஐயா."

பெண்கள் பக்கத்தில் யாரோ முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அது அம்மா என்று எனக்குத் தெரியும். போதகர் கண்ணை மூடினார். பிள்ளைகளுக்கு ஞானத்தைக் கொடும் என்று வழக்கம்போல ஜெபித்தார். பிறகு ஒரு நொடி நிறுத்தி, கற்பிக்கிறவர்களுக்கு ஒரு தெளிவான முடிவையும் கொடும் ஆண்டவரே என்று சேர்த்துக்கொண்டார். அந்த வருடம் ஆமென் மிகவும் சத்தமாக இருந்தது.

முகம் சிவக்க வீட்டுக்கு வந்தேன். பிள்ளை ஜன்னலோரக் கட்டிலில் காத்துக்கொண்டிருந்தாள். எந்தப் புத்தகம் என்று கேட்டாள். நாலுக்கும் ஜெபித்தாயிற்று, நாலும் நல்ல புத்தகம்தான், ஒவ்வொன்றிலும் ஒரு சிறப்பு இருக்கிறது என்று தாளில் எழுதியிருந்ததை மறுபடியும் சொல்லத் தொடங்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கேலி துளியும் இல்லாத முகத்தோடு கேட்டாள்.

"இதுல எந்தப் புக்குல அத்தே ரெண்டாம் பாடம் உண்டு?"

நான் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. அவள் உண்மையாகவே சந்தேகம் கேட்கிறாள். ஏப்ரலிலிருந்து அன்று வரை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது முதல் பாடம் மட்டும்தான். அதையே நான்கு தடவை, இரண்டு மொழியில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கோடியையும் மில்லியனையும் கரைத்துக் குடித்த பிள்ளைக்கு அரையையும் காலையும் கூட்டத் தெரியாது. நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. அவள் கூட்டாளிகள் நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். அவளை ஐந்தாம் வகுப்புப் பெஞ்சிலேயே உட்கார வைப்பதற்கான வேலையைத்தான் நான் ஒரு கோடை முழுக்க இவ்வளவு அக்கறையாகச் செய்திருக்கிறேன்.

அடுத்த அறையில் அண்ணன் இருமினான். அது இருமல் இல்லை.

பைக்குள் கையை விட்டேன். முதலில் அகப்பட்டது பக்கத்து வீட்டுப் பெண்ணின் பழைய புத்தகம். மூலை மடங்கி, இரண்டாம் பக்கத்தில் யாரோ மீசை வரைந்திருந்த புத்தகம். இரண்டாம் பாடத்தைத் திறந்தேன். சேலைகூட மாற்றவில்லை. அன்று மத்தியானமே காரணிகளும் மடங்குகளும் தொடங்கிவிட்டோம். சுவரிலிருந்த தாளை மைனி கிழித்து அடுப்பு மூட்டினாள்.

மழை வந்தது. மரத்தில் பால் வெட்டு நின்றது. அப்பாவும் அண்ணனும் வீட்டிலேயே இருந்து தின்னவும் தூங்கவும் போக மிச்ச நேரத்தில் நாங்கள் கணக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முழுதாகக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பின்னங்கள் வந்தபோது, அந்தப் புத்தகத்தில் அதை விளக்கியிருந்த விதம் எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. மெட்ரிக் புத்தகத்தில் அழகாக ஒரு படம் இருந்ததே என்று அலமாரிப் பக்கம் என் கண் போனது. போன கண்ணைப் பிள்ளை பார்த்துவிட்டாள். கட்டிலில் கிடந்தபடியே என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"போவாண்டாம் அத்தே. இங்கயே இருந்து ஒரு தோசையப் பிச்சுக் காட்டு, எனக்கு மனசிலாவும்."

மைனியிடம் தோசை வாங்கி அரையாக, காலாக, அரைக்காலாகப் பிய்த்தேன். பின்னங்கள் முடிய ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் எல்லாருக்கும் தோசைதான்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று அண்ணன் அவளைத் தோளில் தூக்கி ஓடையைக் கடந்தான். அதற்குப் பிறகு அவளே நடந்தாள். தலைமையாசிரியை தன் அறையில் உட்காரவைத்து, ஒரு தாளில் கணக்குகள் எழுதிக் கொடுத்தார். நான் வாசலில் நின்றேன். என் கல்லூரித் தேர்வுக்குக்கூட அப்படி வேர்த்ததில்லை. ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டாள். அடித்துவிட்டு, தாளின் ஓரத்தில் வட்டமாக ஒரு தோசை வரைந்து கோடு கிழித்தாள். சரியாக வந்துவிட்டது. தலைமையாசிரியை தாளை முழுக்கப் பார்த்துவிட்டு, ஆறாம் வகுப்பு எந்தப் பக்கம் என்று தெரியுமல்லவா, போ என்றார்.

பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினார். நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாய், எந்தப் புத்தகத்தை வைத்து நடத்தினாய் என்று கேட்டார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். அந்த நான்கைப் பற்றியும் சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. வாசலைத் தாண்டப்போன பிள்ளை நின்று திரும்பினாள்.

"அத்தைகிட்ட புக்கு பத்தி மட்டும் கேக்காதீங்க டீச்சர். மணி அடிச்சிரும்."

சொல்லிவிட்டுக் காலைச் சற்று இழுத்தபடி வராந்தாவில் நடந்தாள். ஆறாம் வகுப்புக்குள்ளிருந்து பெண்கள் கூச்சலிட்டு அவளைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது பெஞ்சில் நகர்ந்து இடம் விடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

இப்போது நானும் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியைதான். அன்றைக்கு ஏன் அப்படி அலைந்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நமக்கு முன்னால் யாரும் படித்திராத வீட்டிலிருந்து வரும்போது ஒரு பயம் கூடவே வருகிறது. இதைவிட நல்ல புத்தகம் ஒன்று எங்கோ இருக்கிறது, அது எல்லாருக்கும் தெரியும், நமக்கு மட்டும்தான் யாரும் சொல்லவில்லை என்கிற பயம். அந்தப் பயம் இன்றைக்கும் ஒவ்வொரு மே மாதமும் தவறாமல் என்னிடம் வருகிறது. ஆனாலும், நான் நல்லதைத் தேடி ஓடிக்கொண்டிருக்கிற நேரமெல்லாம் எதிரே ஒரு பிள்ளை உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கிறது என்பதை எனக்குக் காட்டித்தந்தவள் அவள்தான் என்று நினைக்கும்போது, கையில் அகப்பட்ட புத்தகத்தைத் திறந்துவிட முடிகிறது.