காணாமல் போன அரை மணி

ஆயுசுக்கும் அம்மாவை 'நீ' போட்டே பேசிய அப்பா, மறதி வந்த பிறகு 'நீங்க' என்கிறார். அதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை. காலையில் எழுந்ததும், "நீங்க யாருங்க?" என்பார்.

"ஒங்க பொண்டாட்டி லா."

"எத்தன நாளா?"

சுங்கைப் பட்டாணியில் என் வீட்டில் தினமும் நடக்கும் இந்தக் கூத்துக்காக, அம்மாவின் கைப்பேசியில் சின்ன நிரல் ஒன்று எழுதிப் போட்டேன். கல்யாணமாகி இன்றோடு எத்தனை நாள் என்று அது காட்டும். இரண்டு தேதிகளைக் கழிக்கும் வேலை. என் பிழைப்பே இதுதான் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன்.

கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் இப்படித்தான் ஆகும். நாள்காட்டிக் கணக்கோடு ஒப்பிட்டால் ஒரு நாள் குறைந்தது. எனக்கு எரிச்சலான எரிச்சல். இரண்டு நள்ளிரவுகளுக்கு இடையே உள்ள நொடிகளை எடுத்து, ஒரு நாளின் நொடிகளால் வகுத்து, மிச்சத்தை வெட்டியிருந்தேன். எங்கோ அரை மணி பற்றாமல் போனதால் ஒரு முழு நாளே வெட்டுப்பட்டிருந்தது. தோண்டிப் பார்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது. எண்பத்தொன்றாம் ஆண்டின் கடைசி இரவு, பதினொன்றரை மணிக்கு, அரசாங்க உத்தரவுப்படி நம் பக்கம் முழுவதும் கடிகாரத்தைப் பன்னிரண்டுக்குத் தள்ளி வைத்தார்கள். அந்த அரை மணி இங்கே யாருக்கும் நடக்கவே இல்லை. நேரத்தை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் கழித்திருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது.

சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன். கரண்டி பாதியில் நின்றது. "அந்த ராத்திரியா?" என்றார்.

அது எங்கள் வீட்டின் தீராத வழக்கு. கல்யாணமான புதிதில் கரங்கான் பக்கம் தோட்டத்து லயத்து வீடொன்றில் இருந்தார்கள். பன்னிரண்டுக்குள் வந்துவிடுவேன் என்று அப்பா கூட்டாளிகளோடு மோட்டார் சைக்கிளில் போனார். வானொலியில் சொன்னபடி அம்மா கடிகாரத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தார். அப்பா வந்து கதவைத் தட்டியபோது வீட்டுக் கடிகாரத்தில் பன்னிரண்டே கால், அவர் கைக்கடிகாரத்தில் பதினொன்றே முக்கால்.

"நான் சொன்னது பழைய நேரம்" என்று அவர் கத்தினார். "நாடே மாத்திடுச்சு, ஒங்களுக்கு மட்டும் தனி நேரமா?" என்று அம்மா கதவைத் திறக்கவே இல்லை. விடியும்வரை அப்பா வெளியே, கொசுக்கடியில். அதன்பின் எந்தச் சண்டை வந்தாலும் இருவரும் அங்கேதான் போய் நிற்பார்கள். அம்மா ஒரு தடவைகூட விட்டுக்கொடுத்ததில்லை. இப்போது சண்டை போட ஆள் இல்லை.

அம்மா கையைக் கழுவிவிட்டு, அப்பாவின் நாற்காலி அருகே போய் நின்றார்.

"என்னங்க, அன்னிக்கு நீங்க லேட்டா வரல. சொன்ன நேரத்துக்குத்தான் வந்தீங்க. கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு."

அப்பா அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். யாரென்று கேட்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அப்பக் கதவத் தொற," என்றார். "கொசு கடிக்குது லா."