பாவில் தெரிந்த இடைவெளி

தறியில் பூட்டியிருந்த மாம்பழ நிறப் பாவு நூல்களின் முன்னால் அண்ணி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. பிறகு கையை மாற்றி மறு கண்ணைப் பொத்தினார். நான் நெய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

“இங்க நடுவுல இழை அறுந்து கிடக்குதா?” என்று கேட்டார். ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. “அப்போ கோளாறு என் கண்ணுலதான்” என்றார் மெதுவாக.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. சென்னையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த அண்ணி பொங்கலுக்கு ஆரணி வந்திருந்தார். தன் வேலையை எனக்கு முன்பே சொல்லியிருந்தார். கடுங்குளிரில் வைத்த மெல்லிய படலம் ஒன்றில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். அதன்மேல் லேசர் ஒளியைச் சட்டென்று பாய்ச்சினால் அந்த ஓட்டம் தடுமாறும். அதிலிருந்து மைக்ரோவேவ் அலை பிறக்கும். அதை ஒரே திசையில் செலுத்த வேண்டும். மாதக்கணக்கில் முயன்றும் அலை வரவில்லை. ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒளியின் பாதையைச் சரிசெய்தபோது, எதிலோ பட்டுத் தெறித்த கீற்று கண்ணில் விழுந்திருக்கிறது.

அண்ணனுக்குத் தெரிந்தால் ஆராய்ச்சியே வேண்டாம் என்பார் என்று பயந்தார். கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இருவரும் கண் டாக்டரைப் பார்க்க வேலூருக்கு பஸ் ஏறினோம். வழியெல்லாம் ஒரு கண்ணால் கடைப் பலகைகளைப் படித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் அவர் கையை விடவில்லை.

டாக்டரம்மா மருந்து விட்டு வெகுநேரம் பார்த்தார். “கருகிப் போவலைங்க. லேசா வீங்கியிருக்குது, தானா வத்திடும். இனிமே கண்ணாடி இல்லாம அந்த ரூமுக்குள்ள போகாதீங்க.”

வெளியே வந்ததும் அண்ணி சுவரில் சாய்ந்து அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். மருந்தின் கூச்சத்தில் எதிரே நின்ற பஸ்கூட அவருக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் அவரே எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் ஆராய்ச்சியைப் பற்றி ஒன்றும் கேட்காமல், சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கோடையில் அலை வந்தது. இன்று அண்ணிக்குச் சொந்த ஆய்வுக்கூடம் இருக்கிறது. அலை வந்த அன்று செய்தி சொல்ல அண்ணி சென்னையிலிருந்து போன் செய்தபோது, அண்ணன் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “கண்ணாடி போட்டுகினியா?”