எதிரிக்கு மூளை வைக்கும் வேலை

கணினி விளையாட்டில் உங்களைத் துரத்தி வரும் எதிரிக்கு மூளை எழுதுவது என் தொழில். அவன் ஜெயித்தாலும் திட்டு எனக்குத்தான், தோற்றாலும் எனக்குத்தான். இதே வேலையில் புதிதாக மாட்டிக்கொண்டவர்கள் படித்து ஆறுதல் அடையலாம்.

கதவு தெரியாத காவலாளி

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். முதலாளி சுரேஷ் அண்ணன், படம் வரையும் மெய் லிங், நான். அவ்வளவுதான் ஆட்கள். விளையாட்டு, ஒரு கிடங்கிலிருந்து தப்பி ஓடுவது. என் முதல் காவலாளி ஆளைப் பார்த்ததும் நேராக ஓடி வருவான். குறுக்கே சுவர் இருந்தால் முட்டிக்கொண்டே நிற்பான், பக்கத்தில் கதவு திறந்து கிடந்தாலும். சுற்றிப் போக அவனுக்கு வழி தேடத் தெரிய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கேட்டால் இன்டர்நெட்டில் பார் என்பார் அண்ணன். அந்தக் காவலாளியையே முதலீடு செய்ய வந்தவர்களிடம் ஓட்டிக் காட்டிவிட்டு, அவர்கள் போனதும் என்னிடம் கேட்டார்: "ஏம்மா, இவன் காவலுக்கு வந்தானா, செவுத்துக்குப் பெயின்ட் அடிக்க வந்தானா?"

புத்தி வந்தது குற்றம்

ரோஷத்தோடு உழைத்தேன். ஒருவன் முன்னால் மறிக்க, இன்னொருவன் பின்வழியாக வரும்படி செய்தேன். கிள்ளானில் ஒரு பேரங்காடியில் மக்களிடம் விளையாடக் கொடுத்தோம். திரையில் ஒரு பெட்டிக்குப் பின்னால் ஒளிந்த ஓர் அங்கிளைக் காவலாளி அழகாக வளைத்துப் பிடித்தான். பாராட்டு வரும் என்று பக்கத்தில் நின்றேன். அங்கிள் கோபமாக எழுந்தார். "ஏமாத்துற கேம்லா இது. பின்னால ஆள் வரான்னு ஒருத்தனும் சொல்லல."

அன்றிலிருந்து என் காவலாளிகள் கத்திவிட்டுத்தான் வருகிறார்கள். முதல் குண்டு குறி தவற வேண்டும் என்றும் உத்தரவு. எதற்கு என்று கேட்டேன். அண்ணன் சொன்னார்: "அவன் ஜெயிக்க வரலம்மா, அழகா தோக்க வந்திருக்கான்."

ரௌடிக்கு யார் முகம்?

அடுத்த கட்டத்துக்கு ஒரு ரௌடிக் கும்பல் கேட்டார். கறுப்பு நிறம், கையில் பாராங் கத்தி, பேச்சு தமிழ். குடித்துவிட்டுத் தள்ளாட வேண்டும், யோசிக்காமல் பாய வேண்டும். காவலாளிக்கு அவ்வளவு மூளை கேட்டவர், நம் ஆளுக்கு மட்டும் மூளையே வேண்டாம் என்கிறார்! எழுத மாட்டேன் என்றேன். நம் ஆட்களை நாமே கிண்டல் செய்தால் தப்பில்லை, முடியாதென்றால் வேறு ஆள் பார்க்கிறேன் என்றார். செமினியில் வாடகை வீடு பார்க்கப் போன என் தம்பியிடம், முகத்தைப் பார்த்ததும் வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்தாயிற்று என்று சொன்னார்கள். இந்த ரௌடிக்கு அந்த முகம்தானே என்றேன். அண்ணன் சாப்பிடப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது மெய் லிங்கின் திரையில் ரௌடி தள்ளாடிக்கொண்டிருந்தான், அண்ணனின் முகத்தோடு. கேட்டபடிதான் வரைந்தேன், ஆபீஸில் மாதிரிக்கு இருக்கும் தமிழ் ஆண் நீங்கள் ஒருவர்தானே என்று மலாய் மொழியில் நிதானமாகச் சொன்னாள். அவர் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "கவி, இவன எடுத்துடு. வேற மாதிரி செய்வோம்."

இப்போதைய கும்பலில் எல்லா இனத்தவரும் உண்டு, எல்லாருக்கும் ஒரே அளவு மூளைதான் வைத்திருக்கிறேன். சமத்துவத்துக்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான்.