பிரிக்லிக்குக் குடிபோன லொரேன்

லொரேன் ஹார்டகருக்கு மனிதர்களையே பிடிக்காது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ஸ்காட்டன் ஊர்க்காரர்களை அவள் சகித்துக்கொள்வாள். மற்றவர்களைச் செருப்பில் ஒட்டிய சேற்றைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். லண்டன்காரர்கள் பேச்சுக்கே லாயக்கில்லாதவர்கள். பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியனை ரசிப்பவர்கள், குவியலாக விழுந்து புரள்வதையெல்லாம் விளையாட்டு என்று நம்பும் மண்டூகங்கள். இவர்கள் எல்லோருக்கும் கீழே, அதலபாதாளத்தில், பிரிக்லிக்காரர்கள்.

ரயில் பாதையைத் தாண்டினால் பிரிக்லி வந்துவிடும். யார்க்‌ஷயரில் சுரங்கங்களை மூடிய பிறகு இரண்டு ஊருக்கும் மிஞ்சியது பதிமூன்று பேர் ஆடும் ரக்பி லீக்கும் பழைய பகையும்தான். மூடுவதை எதிர்த்து நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில் பிரிக்லிச் சுரங்கத்தார் முதலில் வேலைக்குத் திரும்பினார்கள். லொரேனின் அப்பா ரெஜ் கடைசிவரை வேலைக்குப் போகாமல் வெளியே நின்றவர். அந்த வன்மம் தாய்ப்பாலோடு அவளுக்குள் இறங்கியிருந்தது. அவள் நடத்திய அழகு நிலையத்துக்குப் பிரிக்லிக்காரி எவளாவது முடி வெட்ட வந்துவிட்டால், காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே, “இன்னிக்கு ஆளுங்க நெறைய. இடமில்ல” என்பாள்.

அவள் மகள் கியாராவுக்கு இரண்டு விஷயங்கள் வந்தன. ஒன்று கணக்கு. இன்னொன்று லீக். பையன்களோடு ஆடி, தன்னைவிட ஒரு முழம் உயரமானவனையும் இடுப்பைக் கட்டிச் சாய்த்துவிடுவாள். ஆனால் பெரிய பள்ளிக்குப் போகும் வயது வந்தால் பையன்கள் அணியில் இடம் கிடையாது. பெண்கள் அணி இருக்கும் பள்ளி வேண்டும். அங்கே கணக்கும் ஒழுங்காகச் சொல்லித்தர வேண்டும். இவ்வளவுதான் லொரேன் கேட்டது.

முதலில் குன்றின் மேலிருந்த தனியார் பள்ளிக்குப் போனார்கள். தலைமை ஆசிரியர் ஃபென்விக் கழுத்தில் பட்டு டை, முகத்தில் பரிதாபச் சிரிப்பு.

“உங்க பொண்ணு தேர்வு பிரமாதமா எழுதியிருக்கா. உதவித்தொகையோட இடம் தரத் தயாரா இருக்கோம்.”

“லீக் உண்டா சார்?”

“ரக்பி உண்டு. அந்த... இன்னொண்ணு கிடையாதுங்க. அது கொஞ்சம் வேற மாதிரி ஆளுங்க ஆடறது, இல்லையா?”

“எந்த மாதிரி ஆளுங்க?”

“தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணுங்களுக்கு வலைப்பந்து இருக்கு. ரொம்ப நாகரிகமான ஆட்டம்.”

“உங்க நாகரிகத்த நீங்களே வச்சுக்குங்க. எம்பொண்ணு கைபட்டுக் கறையாயிடப் போவுது.”

வண்டியில் அவள் கணவன் கிளைவ் மெல்ல வாயைத் திறந்தான். “சும்மா இடம் குடுக்கறேன்னான், லொரேன்.”

“யோவ், நீ ரோட்டப் பாத்து ஓட்டு. நம்மள ஆளாவே மதிக்காதவன் வாசல்ல புள்ளைய விட்டுட்டு வரச் சொல்றியா?”

அடுத்தது சொந்த ஊர்ப் பள்ளி. சுவர் முழுக்க லீக் கோப்பைகள், பாதி பெண்கள் அணி ஜெயித்தவை. லொரேனோடு படித்த கேரி பூத் அங்கே துணைத் தலைமை ஆசிரியர், பயிற்சியாளர், இப்போது கணக்கு வாத்தியாரும்கூட.

“கணக்கு வாத்தியார் ஓடிட்டாரு. வேற ஆள் கெடைக்கல. நானே சமாளிக்கிறேன். நான் கணக்குல எப்படின்னு ஒனக்குத் தெரியாதா!”

அவளுக்குத் தெரியும். அதுதான் பயம். கரும்பலகையில் அவன் போட்டிருந்த கணக்கைப் பார்த்துக் கியாரா, “அது எட்டு இல்ல சார், ஆறு” என்றாள்.

“ஆறோ எட்டோ, ஆளப் புடிச்சுச் சாய்க்கத் தெரிஞ்சாப் போதும் கண்ணு!” கேரி வயிறு குலுங்கச் சிரித்தான்.

லொரேன் சிரிக்கவில்லை. வெளியூர்க்காரன் மட்டம் தட்டினால் திருப்பி அடிக்கலாம். சொந்த ஊர்க்காரன் தன் ஊர்ப் பிள்ளைகளையே மட்டமாக நினைத்தால் யாரை அடிப்பது? அன்றைக்கு வீடு திரும்பியதும் அவள் யாரையும் திட்டவில்லை. கிளைவ் பயந்துபோனான்.

சாப்பாட்டு மேசையில் கியாராதான் அந்தப் பேரைச் சொன்னாள். “பிரிக்லி பள்ளிக்கூடத்துல ரெண்டும் இருக்கு. அந்தப் பொண்ணுங்களோட ஆடியிருக்கேன்.”

“அந்த ஊர்ப் பேர இந்த வீட்டுக்குள்ள எடுக்காத.”

“நல்ல பள்ளிக்கூடம் தேடறியாம்மா, இல்ல ஒனக்குப் புடிச்ச ஊரத் தேடறியா?”

குறை கண்டுபிடிப்பதற்கென்றே லொரேன் பிரிக்லிக்குப் போனாள். கழிப்பறைகளைத் திறந்து பார்த்தாள், சுத்தமாக இருந்தன. எரிச்சலாக வந்தது. தலைமை ஆசிரியை நஸ்ரீன் அக்தர் பிரிக்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். மேல் வகுப்புக்குக் கணக்கு எடுத்துவிட்டு, அதே சேற்றுக் காலணியோடு பெண்கள் அணியின் பயிற்சிக்கும் போவார்.

“எந்த ஊரு?” என்று கேட்டார்.

“ஸ்காட்டன்.”

“ஓஹோ! எங்களக் கண்டாக் காறித் துப்புவீங்களே?”

“ஆமா.”

“நாங்களும் அப்படித்தான்” என்று அக்தர் தேநீரை நீட்டினார். “பொண்ணு எப்படி?”

கியாராவிடம் அவர் ஒரு கணக்கைக் கொடுத்தார். அவள் முடித்ததும் இன்னும் கடினமான ஒன்று. மூன்றாவதில் கியாரா திணறினாள். திணறியவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை லொரேன் மைதானத்துக்கு வெளியே பார்த்ததே இல்லை.

தேநீர் தண்ணியாக இருந்தது. வேறு குறை அகப்படவில்லை.

“ஒண்ணு சொல்லிடறேன்,” என்றார் அக்தர். “பள்ளிக்குப் பக்கத்துல குடியிருக்கிறவங்களுக்குத்தான் முதல் இடம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துலேருந்து இதுவரைக்கும் யாருக்கும் கெடைச்சதில்ல.”

அதாவது பிரிக்லியில் குடியிருக்க வேண்டும். அதற்குத் தூக்கில் தொங்கலாம் என்று லொரேன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அடுத்த வாரம் கியாரா பயிற்சிக்குப் போகவில்லை. கேட்டதற்கு, “கேரி சார் பள்ளிக்கூடத்துல எப்படியும் ஆடத்தானே போறேன், இப்ப எதுக்கு?” என்றாள். கோபமில்லாமல் சொன்னாள். அந்தக் கோபமின்மை லொரேனை அறுத்தது.

கடைசியில் லொரேனே பிரிக்லியில் வீடு தேடினாள். சொந்த வீட்டை வாடகைக்கு விட்டு, அங்கே பார்த்த வீட்டுக்குச் சாமான்களை ஏற்றினார்கள். ஸ்காட்டன் சும்மா இருக்குமா? வாடிக்கைக்காரிகள் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். மீன் வறுவல் கடையில் ஒருத்தி எல்லோர் காதிலும் விழும்படி, “லண்டனுக்குக் குடிபோயிருந்தாலும் மானம் மிஞ்சியிருக்கும்” என்றாள். ஊரையெல்லாம் ஏளனம் செய்து பழகியவளுக்கு, அது தன்மேல் விழும்போது எப்படிச் சுடும் என்று அப்போதுதான் தெரிந்தது. திருந்தினாளா என்றால் இல்லை. ஏளனம் செய்ய இன்னொரு ஊர் கிடைத்தது, அவ்வளவுதான்.

ரெஜ் ஒரே வாக்கியம் சொன்னார். “கருங்காலிங்க ஊருக்கு எம்பொண்ணு குடிபோனான்னு கேக்கறதுக்கா நான் இத்தனை வருஷம் உசுரோட இருந்தேன்?” அதன்பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை.

மறு வருடம் பள்ளிகளுக்கான கோப்பை அரையிறுதியில் பிரிக்லிக்கும் ஸ்காட்டனுக்கும் ஆட்டம் விழுந்தது. மழை. பிரிக்லிச் சட்டையில் கியாரா. பெற்றோர்கள் “பிரிக்லி! பிரிக்லி!” என்று கத்தினார்கள். லொரேன் அந்தப் பேரைச் சொல்வாளா? “கியாரா!” என்று மட்டும் கத்தினாள். எதிர்ப்பக்க வேலியோரம் கேரி பூத்தும் கத்திக்கொண்டிருந்தான். அவனுக்கு இரண்டடி தள்ளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டபடி ரெஜ் நின்றிருந்தார்.

ஆட்டத்தில் பிரிக்லி தோற்றது. லொரேன் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு அவரிடம் போனாள்.

“யாருக்காக வந்தீங்கப்பா?”

“என் பேத்தியப் பாக்க வந்தேன். அந்தக் கேடுகெட்ட ஊரப் பாக்க வரல.”

“எப்படி ஆடினா?”

“கடைசில அந்த நெட்டச்சியப் புடிச்சுச் சாச்சா பாரு, அது ஆட்டம். மத்ததெல்லாம் குப்ப.” அவர் மூக்கைச் சிந்தினார். “படிப்பு?”

“மேல் வகுப்புக் கணக்கு இப்பவே போடறாளாம்.”

“பிரிக்லிக்காரனுங்க சொல்லிக்குடுத்தா?”

“பிரிக்லிக்காரி.”

ரெஜ் சேற்றில் துப்பினார். பிறகு, கியாரா நனைந்துகொண்டு ஓடிவருவதைப் பார்த்து, தன் கோட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.